அப்பா நேராக்கிய ஊசி

ஜூன் 3, செவ்வாய்

புதுத் திட்டம் தயார். அம்மா பாடியதைப் பதிவு செய்து அப்பாவின் போனுக்கு மணியாக வைத்துவிட வேண்டும். படங்களுக்குச் சட்டம் போடும் கடை அவருடையது. வாடிக்கையாளர் முன்னால் அது அலறும்போது அவர் முகத்துக்கு யார் சட்டம் போடுவார்களோ.

அம்மா கல்லூரியில் படித்தபோது அவள் பாட்டுக் குழு ஒரே ஒரு இசைத்தட்டு போட்டது. கடைசிப் பாட்டில் நாலு வரி அம்மா தனியாகப் பாடுவாள். “சாரலே, சற்று நில்” என்று ஆரம்பம். எங்கள் ரெக்கார்டு பிளேயரில் அது “ஷ்ஷாரலே, ஷ்ஷற்று நில்” என்று, சூடான வாணலியில் தண்ணீர் தெளித்த மாதிரி வரும். வீட்டுக்கு யார் வந்தாலும் அதை அப்படியே பாடிக் காட்டுவது என் குலத்தொழில். அம்மாவும் சிரிப்பாள். ‘ஊசிப்போன குரல்’ என்று பெயர் சூட்டியதும் அடியேன்தான்.

ஜூன் 5, வியாழன்

பாட்டுக் குழுத் தலைவி போன் செய்தார். பழைய ஆட்கள் எல்லோரும் மறுபடி மேடை ஏறுகிறார்களாம். அதே பாட்டு, அதே நாலு வரி, அம்மாதான் பாட வேண்டுமாம்.

“என் குரலை நானே கேட்டிருக்கேன் அக்கா. நீங்க பாசத்துல சொல்றீங்க” என்றாள் அம்மா. தலைவி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் யோசித்துச் சொல்லச் சொன்னார்.

போனை வைத்துவிட்டு அம்மா வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். சமையல் ஏற்கெனவே முடிந்திருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில், இந்த பிளேயரில்தான் அம்மா முதன்முதலில் அந்தத் தட்டைக் கேட்டாளாம். அதற்குப் பிறகு குளியலறையில்கூடப் பாடியதில்லை. அப்பா இன்று சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் என்னவோ அவள் பாட்டே பாடாத ஜாதி என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

மணி வைக்கும் வேலையை ஆரம்பித்தேன். போனில் பதிவு சரியாக விழுகிறதா என்று பார்க்க வேறு ஒரு தட்டு போட்டேன். கனத்த குரலில் ஓர் ஆள். முதல் பாட்டு பளிங்கு. கடைசிப் பாட்டில், ஊசி நடுவிலிருக்கும் காகித வட்டத்தை நெருங்க நெருங்க — ஷ்ஷ்.

வேறு தட்டு. ஒரு பெண். அவளுக்கும் கடைசியில் ஷ்ஷ்.

உலகத்தில் எல்லோருக்கும் ஒரே இடத்திலா தொண்டை கட்டும்?

பதிவு செய்ததை அழித்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

அம்மா மருந்துக் கடை வேலைக்குப் போனதும் பிளேயரைப் பிரித்து மேய்ந்தேன். ஊசியைப் பிடித்திருக்கும் குட்டிப் பெட்டிக்குப் பெயர் கார்ட்ரிட்ஜ். அது வந்த டப்பாவுக்குள் ஓர் அட்டை, மடிப்புக் கலையாமல். இரண்டு புள்ளி, சுற்றிக் கோடுகள். ஊசி முனையைப் புள்ளியில் வைத்தால் பெட்டியின் பக்கங்கள் கோடுகளோடு ஒட்டிப் போக வேண்டும். இரண்டு புள்ளியிலும். எங்களுடையது இரண்டிலும் போகவில்லை. அப்பாவுக்கு அட்டை எதற்கு? “படம் நேரா மாட்ட ரசமட்டமே வேண்டாம், என் கண்ணு போதும்” என்பவர் அல்லவா. ஊசியைத் தாங்கும் கையின் ஓரத்துக்கு இணையாக, படம் மாட்டுகிற மாதிரி நச்சென்று மாட்டியிருக்கிறார்.

திருகாணிகளைத் தளர்த்தி, கொஞ்சம் முன்னால் தள்ளி, கொஞ்சம் திருப்பி, மறுபடி அட்டையில் வைத்து — ஒரு திருகாணி கம்பளத்துக்குள் போய் என்னோடு கண்ணாமூச்சி ஆடியது. கடைசியில் பெட்டி கோணலாக நின்றது. கோடுகளுக்கு மட்டும் நேர்.

பாட்டைப் போட்டேன். “சாரலே, சற்று நில்.”

அது எங்கள் அம்மாவா?

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும் முன்பே இழுத்து வந்து உட்கார வைத்தேன். ஊசியை வைத்தேன்.

ஷ்ஷாரலே.

“கேட்டாச்சு. போதுமாடி உன் விளையாட்டு?” என்றாள். சத்தமே போடவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நான் சத்தியம் செய்தேன். என் சத்தியத்துக்கு இந்த வீட்டில் மதிப்பு எவ்வளவு என்று எனக்கே தெரியும். நேராக உள்ளே போய் தலைவியைக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

நான் பிளேயரையே வெறித்துக்கொண்டிருக்க, அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். “மத்தியானம் துடைக்கும்போது பாத்தேன், அந்தப் பெட்டி கோணிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் நேராக்கி வெச்சேன்.”

ஐயோ அப்பா.

ஜூன் 8, ஞாயிறு

ஒருத்தரையும் கிண்டல் செய்யவில்லை. காய்ச்சலா என்று அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஜூன் 9, திங்கள்

கடையிலிருந்து அப்பா வந்ததும் அட்டையை நீட்டினேன். ஊசியைத் தாங்கும் கை வில் மாதிரி வளைவாகத்தான் உள்ளே நகரும், பெட்டி கைக்கு நேராக இருந்து பயனில்லை, தட்டில் இருக்கும் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும் என்றேன். “கோணலா மாட்டினாதான் நேராகுமா?” என்று சிரித்தார். பிறகு குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். சிரிப்பு நின்றது. அவரே திருகாணியைத் தளர்த்தினார், அவரே அட்டையில் வைத்துப் பார்த்துத் திருப்பினார்.

பாட்டு ஓடியது. திருப்புளி கையிலேயே இருந்தது.

“இங்க கொஞ்சம் வாயேன்” என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். அம்மா அங்கிருந்தபடியே, அவள் பேச்சைக் கேட்டு நீங்களுமா என்றாள்.

“அவளை நம்ப வேண்டாம். கெடுத்தது நான். வந்து கேளு.”

ஈரக் கையோடு வந்து நின்றாள். உட்காரவில்லை. நாலு வரியும் முடிந்தன. தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

“இன்னொரு தடவ போடுங்க.”

போட்டார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள். “எங்கடி, இப்ப பண்ணிக் காட்டு பாப்போம்.”

வாயைத் திறந்தேன். ‘சாரலே’ வரை போனேன். அதற்கு மேல் அவள் ஏறிய உயரத்துக்கு என் குரல் ஏறவில்லை. காற்றுதான் வந்தது.

அம்மா சிரித்தாள். விருந்தாளிகள் முன்னால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

அந்த நாலு வரியைத் தலைவி இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையாம்.

ஜூன் 14, சனி

அம்மா ஒத்திகைக்குப் போயிருந்தாள். அப்பா கூடத்தில் ஒரு படம் மாட்டினார். மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். “நேரா இருக்கா?”

பிறந்ததிலிருந்து அவர் யாரிடமும் இந்தக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட வாய்ப்பை வீணாக்கலாமா? இடப்பக்கம் கொஞ்சம் என்றேன். ஐயோ, ரொம்பப் போச்சு, வலப்பக்கம் என்றேன். முதலில் இருந்த இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தி, “இப்பதான் நேர்” என்றேன். நெற்றியைத் துடைத்துக்கொண்டு நன்றி வேறு சொன்னார், பாவம்.

அப்போது அம்மா மாடிப்படி ஏறி வருவது கேட்டது. காலடிச் சத்தத்தை வைத்துச் சொல்லவில்லை, ‘சாரலே’யை வைத்து.