அட்டையில் பூத்த ரோஜா

மார்ச் 2, ஞாயிறு

அப்பா இந்த மாதத்துப் ‘பசுந்தொட்டி’ தோட்டப் பத்திரிகையை வாங்கி வந்துவிட்டார். அட்டையில் ஒரு பெண் தக்காளிக் கூடையைத் தூக்க முடியாமல் தூக்கிச் சிரிக்கிறாள். ‘ஒரே தொட்டியில் முப்பது கிலோ!’ உள்ளே தேடினால் அரைப் பக்கம். ‘முறையாகப் பராமரித்தால் நல்ல விளைச்சலை எதிர்பார்க்கலாம்.’ முப்பது கிலோவைக் காணோம். மற்றதெல்லாம் உர மூட்டை விளம்பரம். போன மாதம் மாடியில் திராட்சை. அதற்கு முந்தின மாதம் பக்கெட்டில் மாதுளை. பிரியாணி என்று போர்டு வைத்துவிட்டுக் குஸ்கா போடுகிற கடை.

“தெரிஞ்சே ஏம்பா வாங்கறே?”

“படம் நல்லாருக்குதும்மா.”

டேனரியில் தோல் ஊறுகிற டிரம்மை ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பார்ப்பது ஈரத் தோல். படமாவது பார்க்கட்டும் என்று அம்மா விட்டுவிடுகிறாள். ஒன்றில்தான் அம்மாவுக்கு ஆத்திரம். எங்கள் தெருப் போர் தண்ணீரை ஊற்றினால் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்பு படிகிறது, செடி கருகுகிறது. அதனால் வாராவாரம் பள்ளிகொண்டாவில் அத்தை வீட்டுக் கிணற்றிலிருந்து டிவிஎஸ்ஸில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு வந்து, மாடியில் தொட்டியில் வளர்க்கிற ரோஜாவுக்கு அளந்து அளந்து ஊற்றுகிறார்.

“ரோஜாவுக்கு பள்ளிகொண்டா தண்ணி. கட்டிக்கினவளுக்கு போர் தண்ணி.”

அப்பா சிரிக்கிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 9

சுகரா பேகம் ஆப்பா வீட்டில் கூட்டம். ஆப்பா என்றால் அக்கா, தெருவுக்கே அவர் அக்கா. ஷூ மேல்பாகம் தைக்கிற வேலையை வீட்டிலேயே செய்கிறவர். பேசிக்கொண்டே தைப்பார், தைத்துக்கொண்டே திட்டுவார். குடிநீர்க் குழாய் மெயின் ரோடு வரை வந்து நின்றுவிட்டது. எங்கள் தெருவுக்கு ஓட்டு கேட்க வருகிறார்கள், குழாய் போட வழி தெரியவில்லை. நகராட்சிக்கு மனு எழுதினோம். இந்தத் தண்ணீரைக் குடிக்கவும் முடியாது, குளித்தால் அரிப்பு, செடிகூட வளராது என்று. ‘செடிகூட வளராது’ அப்பா சொன்ன வரி. நான்தான் எழுதினேன்.

மார்ச் 20

பசுந்தொட்டியிலிருந்து போன். அப்பா எப்போதோ அனுப்பிய போட்டோ பிடித்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை வந்து படம் எடுக்கிறார்களாம். அப்பா இப்போதே முடி வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

நவீன்குமார் என்று ஒருவர் வந்தார். கேமராவோடு ஒரு டாட்டா ஏஸும் வந்தது, நிறைய தொட்டி. எல்லாம் நர்சரி ரோஜா. சிவப்பு, மஞ்சள், ஒவ்வொன்றும் கோஸ் அளவு.

எங்கள் செடிகளை அவர் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். “நல்லாருக்கு சார். ஆனா அட்டைப் படம்னா கண்ணு நெறையணும்.”

“இதெல்லாம் என்னுது இல்லீங்களே?”

“மாடி உங்குளுதுதானே சார்?”

அப்பா சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு பூக்களுக்கு நடுவில் நின்றார். வெயில் அப்பா முகத்தில் விழ நான் தெர்மோகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேன் தண்ணீர் கதையை அப்பா விலாவாரியாகச் சொன்னார். நவீன்குமார் தலையாட்டினார், எழுதிக்கொண்டமாதிரிதான் இருந்தது. தொட்டிகள் எல்லாம் வண்டியேறிப் போய்விட்டன. மாடி மறுபடி மாடியானது.

அப்பா இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 6

புத்தகம் வந்துவிட்டது. ‘தோல் ஊரில் ரோஜா வனம்! போர் தண்ணீரிலேயே சாதித்த ஆம்பூர் தேவசகாயம்.’

போர் தண்ணீரிலேயே!

உள்ளே இரண்டு பக்கம். கேன் இல்லை, பள்ளிகொண்டா இல்லை, அத்தை இல்லை. எதிர்ப் பக்கத்தில் உர விளம்பரம். ‘என் வெற்றியின் ரகசியம் இதுதான்’ என்று அப்பா சொல்கிறார். அந்த உரத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

“தப்பா போட்டிருக்காங்கப்பா.”

“பேரு சரியா போட்டிருக்காங்க இல்ல?” என்றார். கையில் அதே புத்தகம் அஞ்சு.

ஏப்ரல் 8

மனு என்ன ஆயிற்று என்று கேட்க ஆப்பாவும் அப்பாவும் நகராட்சி ஆபீஸுக்குப் போனார்களாம். இன்ஜினியருக்கு அப்பா ஒரு பசுந்தொட்டியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தன் கையால். “சார், இது நான்தான்” என்று. இன்ஜினியர் பொறுமையாக உட்காரவைத்துப் பேசினாராம், டீ சொன்னாராம்.

மனு நகலை எடுத்துப் பார்த்தேன்: ‘செடிகூட வளராது.’

ஏப்ரல் 21, திங்கள்

மனுவுக்குப் பதில் சொல்ல ஆபீஸுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஷூ கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். தெருப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். இன்ஜினியர் டிராயரைத் திறந்து பசுந்தொட்டியை எடுத்தார். என்னிடம் நீட்டினார்.

“நீ படிச்ச பொண்ணு. அட்டையில இன்னா போட்டிருக்கு, சத்தமா படி.”

படித்தேன். என் குரலில்தான் அது அந்த அறையில் கேட்டது.

“ரோஜா நாசூக்கான செடி. அதுக்கே ஒத்துக்குது. மனுல செடிகூட வளராதுன்னு இருக்கே?”

ஆப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார். “அண்ணே, வாயத் தொறந்து சொல்லுங்க.”

“இதுல இருக்கிறது நீங்கதானே?” என்று கேட்டார் இன்ஜினியர்.

“ஆமா சார்.”

அவ்வளவுதான். நான்தான் சொன்னேன், அது நர்சரி செடி, படம் எடுக்கக் கொண்டு வந்தது என்று.

“அப்போ பொய்யா நின்னு படம் எடுத்துக்கினாரா உங்கப்பா? அப்போ மனுல இருக்கிறது மட்டும் எப்படிம்மா நெஜம்?”

இப்போது வீட்டில் உட்கார்ந்து நூறு பதில் தோன்றுகிறது. ஒரு புத்தக அட்டையை நம்புகிறவன், வந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பார்க்க மாட்டானா? மாட்டான். அட்டை அவனுக்கு வசதி, மனுவைத் தள்ளிவிட்டான்.

ஏப்ரல் 22

தெருப் போர் குழாயடியில் அம்மாவிடம் செல்லம்மாள்: “உங்குளுக்கு இன்னாக்கா பேஜாரு. தாகம் எடுத்தா பூவ மோந்துக்குவீங்க.”

அம்மா குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏப்ரல் 24

நவீன்குமாருக்குப் போன் போட்டேன். சண்டைதான். கேனை எழுதித்தான் கொடுத்தாராம், அட்டை வரியை ஆபீஸில் போடுவார்களாம்.

“கேன் தண்ணியில ரோஜான்னு போட்டா எவன் மேடம் வாங்குவான்?”

“எங்க தெருவுக்கு தண்ணி வராம போச்சு.”

“வாசகர் கடிதம்னு ஒண்ணு எழுதுங்க. ஜூலைல பாக்கலாம்.”

ஜூலை! அதுவரை உப்பைக் குடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அப்பா பள்ளிகொண்டாவுக்குப் போகவில்லை. மாடியில் போர் தண்ணீர் பக்கெட்டோடு நிற்கிறார்.

“இன்னாப்பா பண்றே?”

“புஸ்தகத்துல போட்டிருக்கிறத செய்யறேன்.”

“செத்துடும்பா.”

“தெரியும்.”

ஒவ்வொரு செடிக்கும் ஊற்றினார். நான் கீழே இறங்கிவிட்டேன்.

மே 11

இலை ஓரம் கருகிவிட்டது. அப்பா தினமும் ஊற்றுகிறார். ஊற்றும்போது செடியைப் பார்ப்பதில்லை, பக்கெட்டைப் பார்க்கிறார். அம்மா நேற்று, குடிக்க எப்போதாவது காசு கொடுத்து வாங்குகிற கேனிலிருந்து ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அப்பா அதை வாங்கிக் கீழே கொண்டுவந்து மறுபடி கேனிலேயே ஊற்றினார்.

இந்த ஊரில் நிரூபிக்க வேண்டியது எப்போதும் நாமேதான். நோயை நாமே நிரூபிக்கணும், உப்பை நாமே நிரூபிக்கணும். அதற்கும் நம் வீட்டிலிருந்தே எதையாவது சாகக் கொடுக்கணும்.

மே 25

எல்லாம் குச்சி.

ஜூன் 2, திங்கள்

அப்பா முதலில் ஆப்பா வீட்டுக்குப் போனார். வாசலிலேயே நின்று, “நான் வர்றேன், நீங்களும் வர்றீங்களா?” என்றார். ஆப்பா தைத்துக்கொண்டிருந்ததை மடியிலிருந்து இறக்கி வைத்தார். அவர் அண்ணன் மகன் தன்சீல் அகமது லோடு ஆட்டோ கொண்டு வந்தான். தொட்டிகளை ஏற்றினோம். செல்லம்மாளும் ஒன்றைத் தூக்கினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டே.

ஆபீஸ் படியில் ஓரமாக வரிசையாக வைத்தோம். இன்ஜினியர் வெளியே வந்தார்.

“சார், அன்னிக்கு கேட்டீங்க. படத்துல இருக்கிறது நான்தான். அந்தச் செடிங்க என்னுது இல்ல. பெருமைக்கு நின்னுட்டேன். இதுங்கதான் நான் வளத்தது. ஏப்ரல் கடைசிலேர்ந்து தெரு தண்ணி ஊத்தினேன், நீங்க குடுத்து படிக்கச் சொன்ன மாதிரியே.”

பெண்கள் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்.

“செடி காயறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்பா.”

ஆப்பா முன்னால் வந்தார். “அந்த ஆயிரத்துல எதுன்னு தண்ணிய டெஸ்ட் பண்ணி சொல்லுங்க சார். சொல்ற வரைக்கும் தொட்டிங்க இங்கயே இருக்கட்டும்.”

விட்டுவிட்டு வந்துவிட்டோம். திங்கள்தான் ஊரே மனு கொடுக்க வருகிற நாள். வருகிறவர்கள் எல்லாரும் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டுதான் படியேற வேண்டியிருந்ததாம். என்ன ஏது என்று கேட்டார்களாம், போனில் படம் எடுத்தார்களாம்.

ஜூன் 5

இரண்டு பேர் வந்து எங்கள் தெருவில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். தொட்டிகளை யாரோ அப்புறப்படுத்திவிட்டார்களாம். எங்கே போட்டார்கள் என்று அப்பா கேட்கவில்லை.

ஜூன் 23

ரிசல்ட் வந்துவிட்டது. குடிக்க ஏற்றதல்ல. ஒரு வரி. குழாய்க்கு ‘பரிந்துரை’ போயிருக்கிறது. எத்தனை மேஜை தாண்ட வேண்டுமோ. அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரித் தண்ணீர் வருமாம்.

ஜூலை 3

பஸ் ஸ்டாண்டு கடையில் பசுந்தொட்டியைப் புரட்டினேன். நான் எழுதி அனுப்பிய வாசகர் கடிதம் கடைசிப் பக்கத்தில் நாலு வரியாகச் சுருங்கியிருந்தது. அட்டையில் ‘பால்கனியில் பலாப்பழம்!’ வாங்கவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

போன வாரம் லாரி வரவே இல்லை. இன்று வந்தது. அப்பா குடத்தோடு கடைசியில் போய் நின்றார். “முன்னாடி வாங்கண்ணே” என்றாள் செல்லம்மாள். “இருக்கட்டும்மா” என்று அங்கேயே நின்றார். அவர் முறை வரும்போது லாரியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

சுகரா ஆப்பா தன் குடத்தைச் சாய்த்து எங்கள் குடத்தில் பாதி ஊற்றினார். அப்பா வேண்டாம் என்று கையை நீட்டினார். “கைய எடுங்கண்ணே, கீழ சிந்துது” என்று ஆப்பா அதட்டினார்.

அம்மா அதில் சோறு பொங்கினாள். போர் தண்ணீரில் பொங்கினால் மஞ்சளாக வரும். இன்று வெள்ளையாக இருந்தது. அப்பா இரண்டாவது தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.