அணில் கொண்டுபோன பீர்க்கங்காய்

லாத்தா,

இன்று காலை மொட்டை மாடியில் பீர்க்கங்கொடியை அறுத்து இறக்கினேன். சீசன் முடிந்துவிட்டது. கை முழுக்க இலையின் பச்சை வாடை. பந்தலிலிருந்து கொடியை இழுத்தபோது அதோடு ஒரு துண்டுத் துணியும் வந்து விழுந்தது. உங்கள் பழைய வாயில் புடவையில் கிழித்த துணி, ஊதாப் பூப் போட்டது. ஒரு விரல் அகலம், ஒரு சாண் நீளம். பூவெல்லாம் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் கீழேயிருந்து, "வெயில் ஏறிட்டு, எறங்கலையா?" என்று இரண்டு தடவை குரல் கொடுத்தார்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்வதற்கு நாலு வருஷம் இருந்தது. தினமும் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். சொல்லவில்லை. நீங்கள் மவுத்தாகி மண்ணுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இப்போது எழுதுகிறேன், என் லட்சணம் அப்படி.

நம் இரண்டு மாடிக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். உங்கள் வீட்டில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி நானும் உங்களை லாத்தா என்றே கூப்பிட்டேன். நான் கடையில் வாங்கிய பச்சைப் பைகளில் செடி வைத்தேன். நீங்கள் மீன் வருகிற தெர்மோகோல் பெட்டிகளில் வைத்தீர்கள். மண்டபத்தூரிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவிடம் ஓட்டைப் பெட்டியெல்லாம் கேட்டு வாங்கி, மண்ணை நிரப்பி, மீன் கழுவின தண்ணீரை ஊற்றி வளர்த்தீர்கள். என் பைகள் பார்க்க அழகு, உங்கள் பெட்டிகளில்தான் காய். "ஒன் செடியெல்லாம் போட்டோ புடிக்கத்தான்டி லாயக்கு" என்பீர்கள். எனக்கு எரிச்சலாக வரும், உண்மையாக இருந்ததால் இன்னும் அதிகமாக வரும்.

நோன்பு மாதத்தில் மட்டும் உங்களுக்கு என் தயவு வேண்டியிருந்தது. கஞ்சி காய்ச்சும்போது உப்புப் பார்க்க ஆள் வேண்டுமே. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று உங்கள் வீட்டிலேயே சொல்வார்கள், நீங்கள் ஒப்ப மாட்டீர்கள். சுவருக்கு மேலே கரண்டி நீளும். "உப்புப் பாரு தனம்." நான் பார்த்துச் சொன்னால் அதுதான் முடிவு. உப்பு விஷயத்தில் அவ்வளவு கறாரான ஆள் நீங்கள்.

அந்தப் பீர்க்கை உங்கள் உம்மா வீட்டிலிருந்து வந்தது. காய் குட்டை, வரம்பு எடுப்பாக இருக்கும், தோலே அவ்வளவு ருசி. வருஷா வருஷம் ஒரு காயின் காம்பில் துணி கட்டிவிடுவீர்கள். துணி கட்டினால் அது விதைக்கு, யாரும் தொடக் கூடாது. கொடியிலேயே முற்றி, காய்ந்து, உள்ளே விதை குலுங்கும்வரை தொங்கும். மற்றபடி நமக்குள் ஒரு வழக்கம் உண்டு: கொடி சுவர் தாண்டி எந்தப் பக்கம் தொங்குகிறதோ அந்தப் பக்கத்துக் காய் அந்த வீட்டுக்கு.

நான் சொல்ல வந்த வருஷம், சீசன் கடைசியில் என் பக்கம் ஒரு காய் தொங்கியது. திடீரென்று வீட்டுக்காரர் அலுவலகத்திலிருந்து நாலு பேரைச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் அவசரமாக மாடி ஏறி, இலைக்குள் கைவிட்டு, கத்தியால் அறுத்தேன். கையில் காயோடு துணியும் வந்தது.

துணியைப் பார்த்ததும்தான் உறைத்தது. சீசன் முடிகிற நேரம், கொடியில் வேறு காய் இல்லை, பூவும் இல்லை. விதைக்கென்று நீங்கள் விட்டிருந்த ஒரே காய் அது, இன்னும் முற்றவில்லை. அப்போதே சுவரோரம் நின்று "லாத்தா, தப்புப் பண்ணிட்டேன்" என்று கூப்பிட்டிருக்கலாம். நான் துணியைத் தையல் மெஷின் டிராயரில் ஒளித்துவைத்துவிட்டு, காயைக் கூட்டாகவும் தோலைத் துவையலாகவும் ஆக்கினேன். தடயத்தை அரைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பு.

ஒன்றும் தெரியாத எங்கள் வீட்டுக்காரர் என்ன செய்தார்? நான் இலை போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கிண்ணத்தில் துவையலை எடுத்துக்கொண்டுபோய், "பீர்க்கங்காத் தோல் தொவையலு, ஒங்களுக்குப் புடிக்கும்ல" என்று உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வந்து சொன்னபோதுதான் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை நீங்கள் அறுத்த காம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றதை என் தொட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். உங்கள் முகம் வாடியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"தனம், தொவையலு நல்லாருந்துச்சு. உப்புதான் கொஞ்சம் கம்மி."

"அப்படிங்களா லாத்தா."

"விதைக்கு விட்ட காய அணிலு கொண்டுபோயிடுச்சுடி. நம்மூரு அணிலு கத்தியெல்லாம் வச்சிருக்கு போல."

நான் "அடடா" என்றேன். அந்த "அடடா"வை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே ஓங்கி அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, "வாடி, போலகம் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்று என்னைப் பஸ்ஸில் ஏற்றினீர்கள். உங்களோடு பள்ளிக்கூடத்தில் படித்த ராஜாத்தி வீடு. வாசல் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா உள்ளே போய்ச் செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தார். "நீ குடுத்ததுதானடி, நீயே எடுத்துக்க" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் பொட்டலத்தைப் பிரித்து, பாதி விதையை என் உள்ளங்கையில் கொட்டினீர்கள்.

"இதுக்குத்தான்டி நாலு வீட்டுல குடுத்து வக்கிறது. என் வீட்டுக்கு அணிலு வந்தாலும் அவ வீட்டுல இருக்கும்ல."

என்னால் விதையைப் பார்க்க முடியவில்லை. "அணில் மேல கோவம் இல்லையா லாத்தா?" என்று கேட்டேன்.

"வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல அதுக்கும். ஆனா ஒண்ணுடி, அதுவா வந்து சொல்லியிருந்தா மனசு ஆறியிருக்கும்."

சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். உண்மையைச் சொல்ல எனக்கு இடம் கொடுத்தீர்கள் என்று அப்போதே புரிந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே கீழவாஞ்சூர்த் துறைமுகத்துக்குப் போகிற லாரிகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

பிறகு வருஷங்கள் ஓடின. நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. துபாயிலிருந்து வந்த உங்கள் மகன் பத்து நாள் இருந்தான். மாடியைக் காலி செய்தான், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போனான். உங்கள் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போன வண்டியைப் பார்க்காமல் நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உங்கள் பீர்க்கை இந்தப் பக்கத்தில் இனி என் ஒருத்தியிடம்தான் என்று எனக்கு அப்போது ஒரு துக்கமும் வந்தது, அதைவிட அதிகமாகக் கர்வமும் வந்தது. போன ஆடியில் இருந்த விதையெல்லாவற்றையும் ஊன்றினேன். பதினோரு நாற்று. மாடித்தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் "அடுத்த சீசன் பாக்கலாம்" என்று பதில். ஒரு விதைகூட எடுத்துவைக்கவில்லை, ஒருவருக்கும் கொடுக்கவில்லை. ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. பைகளில் தண்ணீர் நின்று, பதினொன்றும் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. எனக்குத் தெரிந்து உங்கள் விதை இருந்த இன்னொரு வீடு அது ஒன்றுதான் என்று ராஜாத்தி அம்மாவுக்குப் போன் செய்தேன். "கொல்லையெல்லாம் சிமெண்டு போட்டாச்சு தனம், மவன் காரு வாங்கிட்டான்" என்றார்.

அன்று அழுதேன். செடிக்காக யாராவது அழுவார்களா என்று வீட்டுக்காரர் கேட்டார். செடிக்காக இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஒரு முறை உங்கள் விதையை அறுத்தேன், நீங்கள் மீட்டுக் கொடுத்தீர்கள். மறுமுறை நானே அழித்துவிட்டேன், மீட்க ஆளில்லை.

அழுது முடித்ததும் எனக்குப் பிடிவாதம் வந்தது. வீட்டை ஒரு மூலை விடாமல் துழாவினேன். அடுக்களை ஜன்னலில், முதுகு தேய்த்துக் குளிக்க நீங்கள் கொடுத்த, முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் நார் ஒன்று நான் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் செய்தித்தாளை விரித்துத் தட்டினேன். தூசிதான் விழுந்தது. ஊக்கை விட்டு நாரைக் குடைந்தேன். நாலு கறுப்பு விதைகள் சிக்கிக்கொண்டிருந்தன. தையில் ஊன்றினேன். இரண்டு முளைத்தன. ஒன்றை நத்தை தின்றது.

மிஞ்சிய அந்த ஒன்றுக்காக நான் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். பைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு தெர்மோகோல் பெட்டியில் வைத்தேன். மீன் கழுவின தண்ணீர்தான். சாயங்காலம் மஞ்சள் பூ விரிகிற நேரத்துக்கு டீயை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். கொடி தெம்பாக இருக்கும்போது வருகிற காயைத்தான் விதைக்கு விடவேண்டும் என்று அணில் வந்த வருஷத்துக்குப் பிறகு சொல்வீர்களே, முதல் இரண்டு காயை அறுத்துவிட்டு மூன்றாவது காயில் டிராயரிலிருந்த துணியை எடுத்துக் கட்டினேன். "ஒண்ண முத்த விட்டா கொடி எளச்சிப் போயிடும், மத்தது காய்க்காது" என்றார் வீட்டுக்காரர். காய்க்க வேண்டாம் என்றேன். மேல்காற்று அடித்தபோது காய்க்குத் தூளி மாதிரி வலை கட்டினேன். நிஜ அணில் ஒன்று தினமும் வந்து சுவரில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அதை விரட்டும்போதெல்லாம் எனக்கே வெட்கமாக இருந்தது.

சித்திரையில் கும்பகோணத்திலிருந்து என் நாத்தனார் வந்தார். மாடியைச் சுற்றிப் பார்த்தவர் கத்தியோடு கொடிப் பக்கம் போய், "முத்திப்போறதுக்குள்ள அறுத்துடலாமேடி" என்றார்.

"அதத் தொடாதீங்க அண்ணி."

என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். "ஒரு பீர்க்கங்காய்க்கா இந்தப் பேச்சு?" என்று அவர் அன்று முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் சமாதானம் சொல்லப் போகவில்லை. மறுநாள் பஸ் ஏறும்போது, "காஞ்சதும் எனக்கும் நாலு விதை அனுப்பு" என்றார்.

இன்று கடைசி அறுவடை. கோணல் கத்தரிக்காய், கம்பாய் முற்றிய வெண்டை, ஒரு பிடி மிளகாய், சாண் நீளம்கூட இல்லாத மூன்று பீர்க்கை. சீசன் முழுக்கவும் கொடியில் அறுத்தது எட்டுக் காய்தான், வீட்டுக்காரர் சொன்னது சரி. ஆனால் துணி கட்டிய காயைக் காதருகே வைத்துக் குலுக்கினேன் லாத்தா. கலகலவென்று சத்தம். நுனி மூடியை உடைத்து முறத்தில் கவிழ்த்தேன். கறுகறுவென்று கொட்டிக்கொண்டே இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

வெயிலைப் பொருட்படுத்தாமல் அங்கேயே பொட்டலம் மடித்தேன். கும்பகோணத்துக்கு ஒன்று. ராஜாத்தி அம்மாவுக்கு ஒன்று, ஒரு மீன் பெட்டியும் சேர்த்துக் கொண்டுபோய் அவர் சிமெண்டுத் தரையிலேயே வைத்துவிட்டு வருவேன். நான் "பாக்கலாம்" என்று சொன்ன எல்லோருக்கும் ஒவ்வொன்று. கடைசிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனேன். உங்கள் வீட்டில் குடியிருக்கும் கௌசல்யா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போன வருஷம்தான் கல்யாணம் ஆகி வந்த பெண்.

"எனக்குச் செடி வளக்கவே வராதுங்க ஆன்ட்டி. வச்சதெல்லாம் செத்துப்போயிடும்."

"சாவட்டும். இன்னும் நாலு வீட்டுல இருக்கு, வந்து வாங்கிக்க."

விதையோடு ஊதாத் துணியையும் கொடுத்தேன். "ஒரு காயில இதக் கட்டு. அத மட்டும் அறுக்கக் கூடாது."

"மறந்து அறுத்துட்டா?"

"தொவையல் அரைக்காம நேரா வந்து சொல்லு."

அவளுக்குப் புரியவில்லை. என்ன துவையல் என்று கேட்டாள். நீங்கள் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே இடத்தில் அவள் நின்றாள். நான் முதலிலிருந்து சொன்னேன். கத்தி, டிராயர், கிண்ணம், பஸ், எல்லாம். அவள் கையிலிருந்த ஈரத் துணியைக் கொடியில் போடாமலே கேட்டாள். கடைசியில், "அப்ப அந்த அணிலு நீங்களா ஆன்ட்டி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஆமா, நான்தான்" என்றேன்.

அவ்வளவுதான் லாத்தா. இரண்டு வார்த்தை. உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது. ஆடி பிறந்ததும் சுவருக்கு இரண்டு பக்கமும் ஊன்றப்போகிறோம். மழை வந்தால் பெட்டியைத் தூக்கி மாடிப்படிக்குள் வைப்பேன், அதற்கும் இடம் அளந்துவிட்டேன். இந்தக் கொடியை இனி என் ஆயுசுக்கு விடுவதாக இல்லை.

இன்னொன்றும் உண்டு. அன்றைக்கு விருந்தாளிகளுக்குப் பரிமாறிவிட்டு, கடைசியில் நான் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. பதற்றத்தில் துவையலில் நான் உப்பே போடவில்லை. நீங்கள் "கொஞ்சம் கம்மி" என்றீர்கள். கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு, கழுவி அனுப்பியிருந்தீர்கள்.

உங்கள் தனம்