ஆந்திராவுக்கு அனுப்புவதுபோல் ஆப்பிரிக்காவுக்கு ரிக் அனுப்பிய பெரியப்பாவுக்கு

இன்று மதியம் கல்லூரி வாசலை ஒட்டி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஒன்று போனது. டீசலும் கிரீஸும் கலந்த வாசம் வகுப்பறை சன்னல்வரை ஏறி வந்தது. உங்கள் சட்டை வாசம், பெரியப்பா. நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், என் எரிச்சல்தான் போகமாட்டேன் என்கிறது. செத்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டுமாம், அம்மா சொல்கிறாள். அவள் பேசட்டும்.

டெல்லியில் சர்வதேச உறவுகள் முதுகலைக்கு இடம் கிடைத்த அன்று, வெற்றிலை பாக்குத் தட்டத்தோடு உங்கள் முன் நின்றேன். குடும்பத்துப் பெரியவர் தட்டத்தை வாங்கிய பிறகே நம் வீட்டில் யாரும் வெளியூர் கிளம்புவது. நீங்கள் கையை நீட்டவே இல்லை.

"ஏஞ்சாமி, ஒலகத்து ஒறவெல்லாம் நமக்கெதுக்கு? அமெரிக்காக்காரனுக்கு நீ பஞ்சாயத்துப் பண்ணப் போறயா?"

உங்கள் ரிக் பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணஞ் சொன்னாச் சரியாத்தானிருக்கும்" என்று எழுந்துபோனார். என் டெல்லி அத்தோடு முடிந்தது.

அதே படிப்பைத் தபால் வழியில் படித்தேன். டவுனில், ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பள்ளிக்கூட வேலை, போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் பாடம். ஒப்பந்தங்கள், தூதரகங்கள், கடல் கடந்து போகும் கூலியாளின் உரிமைகள். தூக்கம் சொக்கினால் உங்கள் சிரிப்பை நினைத்துக்கொள்வேன், பட்டென்று விழிப்பு வந்துவிடும். புள்ளைக்கு என்ன வைராக்கியம் என்று ஊர் மெச்சியது. அது சுத்தமான வன்மம், பெரியப்பா.

பிறகுதான் நீங்கள் ஆப்பிரிக்காவுக்கு ரிக் அனுப்பினீர்கள். ஆந்திராவுக்கு எப்படியோ அப்படியே. அங்கே ஒரு ஏஜெண்டு, அவன் வாய்வார்த்தை, அதை நம்பி நம் ஆட்கள். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று விசா எடுத்து, போய் இறங்கியதும் போர்வெல் போட விட்டீர்கள். வேலை செய்ய வேறு விசா வேண்டும் என்று யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எல்லையைத் தாண்டினாலும் எல்லாம் நம் செல்வாக்கில் நடக்கும் என்ற நினைப்பு உங்களுக்கு. போலீஸ் வந்தது, ஏஜெண்டு போனை அணைத்துவிட்டான், நம் ஆட்கள் மொத்தமும் உள்ளே. உள்ளே போனவர்களில் ஒருவரான சங்ககிரி டிரைவரின் மனைவி உங்கள் வாசலில் மண்ணை வாரித் தூற்றிய அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள்.

"நீதாஞ்சாமி ஏதாச்சும் பண்ணோணும்."

"தட்டம் எங்கீங்க பெரியப்பா?"

"ஏம்புள்ள, என்ன பேச்சு இது!" என்று அப்பா பதறினார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. நீங்களே கடைவரை நடந்து வெற்றிலை வாங்கி வந்து தட்டத்தை நீட்டினீர்கள். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கவிட்டேன். அந்த நேரம் எனக்குத் தித்தித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

உள்ளே கிடந்தவர்களுக்காக வாங்கிக்கொண்டேன். எந்தத் தூதரகம், எந்த அதிகாரி, எந்த விதியைச் சொல்லிக் கேட்டால் மறுக்க முடியாது என்றெல்லாம் தேடி மனு மேல் மனு போட்டேன். ஒரு வழியாக ஆட்கள் ஊர் திரும்பினார்கள். நீங்களோ, "டெல்லில நம்மாளு ஒருத்தரு இருக்காருங்க, ஒரு போனு போட்டேன், முடிஞ்சுது" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தீர்கள். சாகிறவரை என் பெயர் உங்கள் வாயில் வரவில்லை.

உங்கள் கருமாதியிலும் அதே புகழ்ச்சி. ஆப்பிரிக்காவிலிருந்தே ஆளுகளைக் கொண்டாந்த மனுசனாம். பொறுக்காமல் எழுந்து, "அத நாந்தானுங்க பண்ணுனேன்" என்றேன். "எழவூட்டுல என்ன கண்ணு வம்பு" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன்.

இப்போது என் பேச்சைக் கேட்க வேறு கூட்டம் இருக்கிறது. கல்லூரியில் என்னிடம் படிக்கும் சர்வதேச உறவுகள் முதுகலை மாணவர்கள். அயல்நாட்டில் தொழிலாளர் பாதுகாப்பு என்ற பாடம் வந்தால் உங்கள் கதையைத்தான் நடத்துகிறேன், உங்கள் முழுப் பெயரோடு, ஊரோடு. எனக்கு இரக்கம் வரும் என்று காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. இந்த முறை உள்தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகவே போட்டுவிட்டேன். நேற்றுதான் திருத்தி முடித்தேன். ஆட்களைச் சிக்கவைத்தது நீங்கள், மீட்டது நான் என்று ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள்.