நான் சத்தம் குறைத்த சரணம்

டேய்,

போன சனிக்கிழமை மகளோடு றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் அவள் தன் கைபேசியைக் கார் ஸ்பீக்கரில் இணைத்து ஏதோ பாட்டொன்றைப் போட்டாள். முதலில் ட்ரம்ஸ், பிறகு கிற்றார். அதற்கு மேலே, கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டவன் தவறிச் சண்டை நடக்கும் வீட்டுக்குள் நுழைந்ததுபோல, ஒரு சின்ன பட்டன் அக்கோடியன். "இது பாஸ்க் பாட்டு" என்றேன். மகள் திரும்பி என்னை முழுசிப் பார்த்தாள். "அப்பா, வெயிட், ஹவ் டூ யூ நோ? சிநேகிதி ஒருத்தி அனுப்பினவள். எனக்கே நேற்றுத்தான் தெரியும்."

எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? தொண்ணூறுகளில் இந்தச் சத்தத்தை உன்னோடு சேர்ந்து கேட்டுக் காது செவிடானவன் நான். எங்களிடமும் ஒரு பாண்ட் இருந்தது, தமிழில் றொக் பாடினோம் என்றேன். பாடிக் காட்டச் சொன்னாள். ஸ்டியரிங்கில் தட்டித் தட்டி உன் பாட்டின் முதல் சரணத்தைப் பாடினேன். ஒரு சொல் பிசகவில்லை.

"அதுக்குப் பிறகு?" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வரி வந்தது. மிச்சம் வரவில்லை. கோயில் வாசலில் காரை நிறுத்திவிட்டு அவளை உள்ளே அனுப்பினேன். தனியே இருந்து மண்டையைப் போட்டு உடைத்தும் வரவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன். நீ செத்து இரண்டு வருடமாகிறது. இப்போதுதான் எனக்கு உன்மேல் சரியான கோபம் வருகிறது. ஏன்டா அந்தப் பாட்டுக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை?

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த இனாக்கிதான். இந்த நாட்டுக்கு அகதியாக வந்த புதிதில் நகரத்து உணவகமொன்றில் நீயும் நானும் கோப்பை கழுவினோம், அவன் சமையல்காரன். முதல் நாளே நீ அவனிடம் "ஸ்பெயின்காரனோ?" என்று கேட்டாய். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இல்லை, பாஸ்க்" என்றான். பிறகு எங்களைப் பார்த்து, "நீங்கள் ஸ்ரீலங்கனோ?" என்றான். நீயும் கையைத் துடைத்துவிட்டு, "இல்லை, தமிழ்" என்றாய். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் முதலாளி எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து அடுப்படியில் அவனுடைய கசெட்டுகள்தான்.

அவனுடைய பாஸ்க் ஊர் ஸ்பெயினுக்குள்தான் இருக்கிறது. அவன் சின்னவனாக இருந்தபோது அங்கே சர்வாதிகாரி ஆட்சி. பள்ளிக்கூடத்தில் பாஸ்க் மொழி பேசினால் அடி விழும். அந்தப் பயத்தில் பெற்றோர் அவனோடு ஸ்பானிய மொழியிலேயே பேசி வளர்த்தார்கள். சர்வாதிகாரி செத்த பிறகு பெடியன்கள் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஆளில்லாத வெறும் கட்டடங்களுக்குள் புகுந்து மேடை போட்டார்கள். போலீஸ் கலைத்தால் வேறு இடத்தில் போட்டார்கள். பாதிப் பேருக்குச் சொந்த மொழி வராது, ஸ்பானிய மொழியில் பாடினார்கள். எதில் பாடுவது என்று அதற்கும் ஒரு சண்டை. இனாக்கி பதினெட்டு வயதில் பின்னேர வகுப்புக்குப் போய்த் தன் மொழியைப் படித்தானாம், அந்தப் பாட்டுகள் விளங்கவேண்டும் என்பதற்காக.

இதைக் கேட்டதும் உனக்குப் பிசாசு பிடித்துவிட்டது. வோபர்னில் நாங்கள் இருந்த அப்பார்ட்மெண்டுக்கு பஸ்ஸில் வரும்போது வழி முழுக்க ஒரே கதை. "பாட்டுக்காகப் பாசை படிச்சிருக்கிறான்ரா! எங்கட பெடியள் பிளாசாக் கடை வாசலில நிண்டு முழுக்க இங்கிலிஷ் கதைக்கிறாங்கள். சினிமாப் பாட்டையும் எழுச்சிப் பாட்டையும் விட்டா அவங்களுக்கு எங்களிட்ட என்ன இருக்கு, சொல்லு? நாங்கள் கோப்பை கழுவுற கதையை ஆர் பாடுறது?"

"நீ பாடு" என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்.

பாடினாய். ரெக்ஸ்டேலில் ட்ரம்ஸ் வாசிக்கிற கயானாக்காரன் ஒருவனைப் பிடித்தாய். அவனுடைய கராஜ்தான் எங்கள் பயிற்சி இடம். எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. அதனால் மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பழைய மிக்சர் பெட்டி ஒன்றை என்னிடம் தந்து, "சத்தத்தை நீ பார்" என்றாய். குளிருக்குள் அதைக் கம்பளியால் சுற்றி, பிள்ளைபோல மடியில் வைத்துக்கொண்டு நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வருவேன். இது தேவையா என்று உன்னைத் திட்டாத நாள் இல்லை.

ஆனால் பாட்டு நல்லாயிருந்தது, சனியன்.

*கோப்பை கழுவின கையடா இது
கொடியும் பிடிக்கும், கேள்வியும் கேக்கும்*

என்று தொடங்கும். மேடைத் தமிழ் இல்லை, நாங்கள் அடுப்படியில் கதைத்த தமிழ். இரண்டாவது சரணம் "இஞ்ச வந்தும் ஏன் வாய் பொத்தச் சொல்லுறியள்" என்று வரும். அது எங்கள் ஆட்களைப் பார்த்தே கேட்டது. அதன் அர்த்தத்தைச் சொன்னபோது இனாக்கி சிரிக்கவில்லை. அவனும் ஊரில் ஒரு பாண்டில் வாசித்தவன். அங்கே கட்சிக்காரர்கள் தங்கள் கூட்டத்துக்குச் சனம் சேர்க்க அந்தப் பாண்டைக் கூப்பிடுவார்களாம். ஒருமுறை சொந்தப் பக்கத்தையே கேள்வி கேட்டு ஒரு பாட்டுப் பாடினார்களாம். அடுத்த திருவிழாவுக்கு ஒருவரும் கூப்பிடவில்லையாம். "கவனம்" என்றான்.

"எங்கட ஆக்கள் அப்பிடிச் செய்யமாட்டினம்" என்றாய் நீ. உன் வெள்ளை மனசை நினைக்க இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் கலைவிழாவில் பத்து நிமிடம் கிடைத்தது. எந்தப் பாட்டானாலும் மூன்று நாளைக்கு முன்பே எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது அவர்களின் வழக்கம். நீ வேலையில் நின்றதால் செயலாளர் அண்ணை வீட்டுக்கு நான்தான் கொண்டுபோனேன். உன் கையெழுத்தில் இருந்த அந்த ஒரே தாளை. அவர் தேத்தண்ணி தந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தார்.

"முதல் சரணம் நல்லாயிருக்கு தம்பி. ரெண்டாவது வேண்டாம். ஆக்கள் பிழையா விளங்குவினம். உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

என்னுடைய அகதி வழக்குக்குக் கடிதம் எழுதித் தந்த மனிதர் அவர். அவர் பேனையை நீட்டினார். நான்தான் வெட்டினேன், மூலைக்கு மூலை ஒரு கோடு. "அவனுக்கு நான் சொல்லுறன் அண்ணை" என்றேன். தாளை அவர் வைத்துக்கொண்டார்.

உன்னிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு வந்ததும் மண்டபத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். மண்டபத்தில் நீ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கிற்றாரை மாட்டிக்கொண்டிருந்தாய். எப்படியடா சொல்வது?

பரதநாட்டியம் முடிந்து நீ ஏறினாய். ஸ்காபரோ உயர்பள்ளி மண்டபம், மத்தியானம் இரண்டு மணி. பின்னால் கதவடியில் நின்று ஆங்கிலத்தில் அரட்டையடித்த பெடியன்கள் ட்ரம்ஸ் சத்தத்துக்கு உள்ளே வந்தார்கள். முதல் சரணம் முடிய ஒருவன் கத்தினான்: "அண்ணை, திருப்பிப் பாடுங்கோ!" தமிழில் கத்தினான். உன் முகத்தை அப்போது பார்த்தேன். ஆசைப்பட்டது கையில் கிடைத்தவனின் முகம்.

நீ இரண்டாவது சரணத்தின் முதல் வரியைப் பாடினாய். செயலாளர் அண்ணை என் தோளில் கை வைத்தார். "தம்பி, குறை."

குறைத்தேன். உன் மைக்கின் சத்தத்தை ஒரு விரலால் மெதுவாகக் கீழே இறக்கினேன். கிற்றார் போய்க்கொண்டிருந்தது, ட்ரம்ஸ் போய்க்கொண்டிருந்தது, உன் வாய் மட்டும் அசைந்தது. மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்தாய். பிறகு அதை விட்டு விலகி, தொண்டை கிழியப் பாடினாய். முன்வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும். எனக்குக் கேட்கவில்லை.

பிறகு நடந்த கூத்தைப் பார். அதே செயலாளர் மேடையேறி, "எங்கட மொழியை இந்த மண்ணில வளர்க்கிற கலைஞன்" என்று உனக்குப் பொன்னாடை போர்த்தினார். கிற்றாருக்கு மேலே பொன்னாடை. நீ கும்பிட்டாய். நானும் கைதட்டினேன்.

வெளியே பனிக்குள் சாமான் ஏற்றும்போது, "அந்த வயர் பழுது மச்சான், மாத்தவேணும்" என்றாய்.

"ஓம்" என்றேன். அடுத்த கிழமை புது வயரும் வாங்கினேன், வெட்கம் கெட்டவன். அதன் பிறகு எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. கயானாக்காரன் வேறு நகரத்துக்குப் போனான். எங்களுக்குக் கலியாணம், பிள்ளைகள், இரண்டு வேலை. இத்தனை வருடத்தில் ஒருநாளாவது சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தபோது சொல்லத்தான் வந்தேன். நீ அவர்கள் தந்த சூப்பைப் பற்றியே அரைமணி நேரம் குறைப்பட்டாய்.

போன சனிக்கிழமை, மகள் கும்பிட்டுவிட்டு வரும்வரை காருக்குள் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வயர் பழுதென்றால் கரகரக்கும், விட்டுவிட்டுக் கேட்கும். அன்றைக்கு உன் குரல் அப்படிப் போகவில்லை, மெல்ல மெல்ல இறங்கிப் போனது. அதற்கு ஒரு கைதான் வேண்டும். அது உனக்குத் தெரியாதா? மிக்சர் மேடைக்கு நேரெதிரே இருந்ததடா. நீ பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு, எனக்குச் சொல்ல ஒரு பொய்யையும் நீயே எடுத்துத் தந்திருக்கிறாய். திட்டியிருக்கலாமே! மூஞ்சையில் ஒன்று விட்டிருக்கலாமே! நான் அதோடு தப்பியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க தொலைபேசிதான். உன் மனைவி பேஸ்மெண்டில் பெட்டியெல்லாம் கிண்டிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. இனாக்கிக்கு மெட்டு ஞாபகம், சொல் தெரியாது. கடைசியில் செயலாளர் அண்ணைக்கே எடுத்தேன். வயது போய்விட்டது, ஆனால் உன் பெயரைச் சொன்னதும் ஆளைப் பிடித்துவிட்டார்.

"நல்ல பெடியன். பொன்னாடை போட்டனாங்கள் எல்லே."

"அண்ணை, அவன்ர பாட்டு எழுதின தாள்..."

"பாட்டோ? என்ன பாட்டு தம்பி?"

கராஜில் அந்தச் சரணத்தை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் சத்தம் சரியா என்று பார்த்தேனே தவிர சொல்லைக் கேட்கவில்லை. முதல் சரணம் முழுதாக இருக்கிறது, மகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டாவதில் ஒரு வரி இருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று வரிகள் வரும் என்பது தெரியும், தாளம் தெரியும், சொல் இல்லை. இனாக்கியின் மொழியை வாயடைக்க ஒரு அரசாங்கமும் அதன் போலீசும் வேண்டியிருந்தது. உன்னுடைய மூன்று வரிக்கு என்னுடைய ஒரு விரல் போதுமாக இருந்தது.