‘வாரேன்’ மந்திரத்துக்கு நீ எழுதிய விதி

ஆதார் நகலைத் தேடிப் பழைய கோப்பைக் கவிழ்த்தபோது தீப்பெட்டி லேபிள் தாள் ஒன்று கீழே விழுந்தது. கிளிப் படம் போட்டது. சிவப்பு மை விலகி அச்சானதால் கிளிக்கு இரண்டு மூக்கு. எடுத்து முகர்ந்து பார்த்தேன். உங்கள் அச்சகத்து மையும் உருளை துடைக்கிற மண்ணெண்ணெயும் இன்னும் அதில் இருக்கின்றன. திருப்பினால் உன் கையெழுத்து. ‘மீள்வழி மந்திரம்’ என்று தலைப்பு, அதன் கீழே ஐந்து வரிகள். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. கோப்பை அப்படியே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கோயம்புத்தூரில் படிக்கப் போன நீ, விடுதியில் யாரிடமோ அந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு, விதிப்புத்தகத்தின் ஜெராக்ஸோடு கோவில்பட்டிக்குத் திரும்பி வந்தாய். ஆளுக்கு ஒரு பாத்திரம். நீ கதையைச் சொல்வாய், நாங்கள் அதில் என்ன செய்கிறோம் என்று சொல்வோம், நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். நம் தோழி செல்வி வாள்காரி. உன் சித்தப்பா மகன் காளிராஜ் திருடன். நான் மந்திரக்காரி. கதை நடத்துகிற உனக்கு ‘நடத்துநர்’ என்று நீயே பெயர் வைத்துக்கொண்டாய். “அப்ப எங்க ஊருக்கு ஒரு பசுவந்தனை டிக்கெட் கிழிட்டி” என்று நான் சொன்னதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அச்சகம் ஓடாது. மாடியில் லேபிள் கட்டுகளுக்கு நடுவே பாய் விரித்து உட்காருவோம். மழை பெய்த நாளில் என் செருப்போடு வந்த கரிசல் மண் படியெல்லாம் அப்பிக்கிடக்க, உன் அப்பா கீழேயிருந்து சத்தம் போடுவார். புத்தகத்தில் பனிமலை என்று இருந்த இடமெல்லாம் உன் வாயில் உடைமர முட்காடாக மாறியது. பறக்கிற பாம்பு ஒன்று எப்போதும்வென்றான் ஊர்க் கண்மாயில் குடியிருந்தது. அந்த ஊரில் நாங்கள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

மந்திரத்துக்கு மூன்று வேண்டும் என்று நீ நோட்டில் தமிழில் எழுதியிருந்தாய்: வாய்ச்சொல், கையசைவு, கைப்பொருள். வாயைக் கட்டிப்போட்டால் மந்திரம் கிடையாது. கையைக் கட்டினாலும் பெரும்பாலானவை கிடையாது. கழிவுத் தாளை வெட்டி, மந்திரத்துக்கு ஒன்றாக அதன் பின்பக்கம் எழுதி எனக்குக் கொடுப்பாய். நான் அதை வாங்கியதும் முதலில் ஓட்டை தேடுவேன். ‘எதிரியைத் தொட வேண்டும்’ என்று எழுதியிருந்தால், செருப்பால் தொட்டால் ஆகாதா என்று கேட்பேன். “விளையாட வந்தியா, வக்காலத்துக்கு வந்தியா?” என்பாய். பிறகு எனக்குச் சென்னையில் இன்சூரன்ஸ் கம்பெனியில், பணம் கேட்டு வருகிற விண்ணப்பங்களை நிபந்தனை பார்த்துத் தள்ளுபடி செய்கிற வேலை கிடைத்தபோது, நீதான் விழுந்து விழுந்து சிரித்தாய்.

அந்த ஞாயிறு உனக்கு நினைவிருக்கும். ஆட்டத்தில் ஒரு குகைக்குள் செல்வியை விட்டுவிட்டு நான் மட்டும் சுரங்கத்தைப் பார்க்கப் போனேன். போகும்போது செல்வியிடம், “சரிட்டி, வாரேன்” என்றேன். அந்தப் பக்கம் பாறை சரிந்து வழி அடைத்துக்கொண்டது. இந்தப் பக்கம் செல்வியின் வாள்காரி சாகக் கிடந்தாள். அப்போதுதான் என் கையில் இந்தத் தாள் இருப்பது ஞாபகம் வந்தது. துணையிடம் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனால், எங்கிருந்தாலும் ஒரே ஒருமுறை கண்ணிமைக்கும் நேரத்தில் அவள் பக்கத்தில் வந்து நிற்கலாம்.

“மீள்வழி. செல்வி பக்கத்துல வந்துட்டேன்” என்றேன்.

“மந்திரத்த எப்ப போட்ட?”

“போகும்போது வாரேன்னு சொன்னேன்லா? வாய்ச்சொல் ஆயிட்டு.”

“ஏட்டி, அது ஊர்ப்பேச்சு. உப்பு வாங்கப் போறவகூட வாரேன்னுதான் சொல்லுதா. அவள்லாம் மந்திரக்காரியா?”

“வருவேன்னு சொல்லணும்னுதான போட்டிருக்க? மனசுல நினைக்கணும்னு எங்க போட்டிருக்க?”

செல்வி அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். இரண்டு வருஷமாக வளர்த்த பாத்திரம் அது. காளிராஜ் உன் பக்கம் சேர்ந்துகொண்டு கத்தினான். என் ஐந்தரை மணி பசுவந்தனை பஸ் போய்விட்டது. நீ ஜெராக்ஸைப் புரட்டினாய், நோட்டைப் புரட்டினாய், கடைசியில் என் கையிலிருந்த தாளை வாங்கி நான்காவதாக ஒரு வரி எழுதினாய்: ‘நினைத்துச் சொன்னால்தான் செல்லும்.’ எழுதிவிட்டு என்னைப் பார்த்தாய்.

“நினைச்சுத்தான் சொன்னியா? நீ ஆமான்னா நான் ஒத்துக்கிடுதேன்.”

“ஆமா” என்றேன்.

செல்வி பிழைத்தாள். அதோடு விட்டேனா? வாரேன் என்றதைக் கேட்டவள் செத்த பிறகும் மந்திரம் செல்லுமா என்று அடுத்த ஓட்டையைத் தேடினேன். “கேட்டவளே இல்லன்னா யாருகிட்டட்டி வருவ?” என்று ஐந்தாவது வரியை எழுதினாய்: ‘கேட்டவர் உயிரோடு இருக்கும்வரைதான்.’

படியில் இறங்கும்போது என் காதருகே வந்து, “நீ நினைச்செல்லாம் சொல்லல. எனக்குத் தெரியும்” என்றாய்.

“பெறகு ஏன் ஒத்துக்கிட்ட?”

“நீ ஆமான்னுட்டியே. ஒத்துக்கிடாம என்ன செய்ய?”

மதுரை ஆஸ்பத்திரியில் உன்னோடு மூன்று நாள் இருந்தேன். இரத்தத்தில் வந்த புற்றுக்குக் கொடுத்த மருந்து உன் தலைமுடியை எடுத்திருந்தது, உதடெல்லாம் புண். தண்ணீர் குடிக்கவும் முகத்தைச் சுளித்தாய். நான் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தேன். நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான்காம் நாள் காலையில் சென்னைக்கு ரயில். பையை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்து, “அடுத்த சனிக்கிழமை வாரேன்” என்றேன்.

நீ மெதுவாகக் கேட்டாய். “நினைச்சுச் சொல்லுதியா?”

சிரித்துக்கொண்டே, “ஆமா” என்றேன்.

“சரி. ஒத்துக்கிட்டேன்.”

அந்தச் சனிக்கிழமை நான் வரவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. செல்வி போன் செய்து, “அவ உன்ன எப்ப வருவன்னு கேட்டா” என்றாள். அலுவலகத்தில் தணிக்கை என்றேன். தணிக்கை நடந்தது உண்மைதான், ஆனால் கேட்டிருந்தால் லீவு கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. எனக்குப் பயம். உன் உதட்டைப் பார்க்கப் பயம், அந்த வார்டின் மருந்து வாடையை நினைத்தால் பயம், நீ ஒன்றும் குறைசொல்லாமல் என்னைப் பார்ப்பாயே, அதற்குத்தான் ரொம்பப் பயம். சென்னையில் ரயிலேறினால் காலையில் மதுரை. யாரும் என் வழியில் பாறையைச் சரிக்கவில்லை. நான் உன்னை விட்டுக் கிளம்பி இருபது நாள் கழித்து, புதன்கிழமை காலையில் செல்வி மறுபடி கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரிதான் ரயிலேறி வந்தேன். அச்சகத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். மெஷின் ஓடவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். முக்குத் திரும்புகிற இடத்தில் நீ மறையப்போகும்போது, என் வாயிலிருந்து சத்தமாகவே வந்துவிட்டது.

“வாரேன்ட்டி.”

அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் அழுகையை நிறுத்தித் திரும்பினார்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? அதிலும் பிணத்தைப் பார்த்து வாரேன் என்றால் என்ன அர்த்தம்! உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா என் வாயைக் கையால் பொத்தினார். “ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? இங்கன வந்து அப்படிச் சொல்லலாமா?”

உன் அம்மாதான் என்னை விடுவித்தார்கள். “விடுங்கக்கா. அதுக ரெண்டும் பேசுதது நமக்கு வெளங்காது.”

அவர்களுக்கு என்ன தெரியும்? உன்னிடம் அந்தச் சொல்லை நினைத்துச் சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை. உன் நான்காம் வரிப்படி அது செல்லும். ஐந்தாம் வரிப்படி செல்லாது.

இன்றைக்கு மத்தியானம் முழுக்க அந்த ஐந்து வரிகளையும் படித்தேன். ஊரார் எழுதிய நிபந்தனைகளில் ஓட்டை தேடித்தான் சம்பளம் வாங்குகிறேன். ‘கேட்டவர்’ என்பதைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், ‘வரைதான்’ என்பதில் உள்ள ‘தான்’ என்ற அசையைக்கூட விடவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். அச்சக மாடியில் இப்போது லேபிள் கட்டுகள் மட்டும் இருப்பதாக செல்வி சொன்னாள். விளையாட்டு நின்றுபோனது. உன் நோட்டைக் காளிராஜ் வைத்திருக்கிறான், அதை அவன் திறப்பதில்லை.

எந்த வீட்டிலிருந்தும் கிளம்பும்போது இப்போது எனக்கு அந்தச் சொல் வருவதில்லை. “கிளம்புறேன்” என்கிறேன். போனில்கூட, “வாரேன்னு சொல்லி வையிட்டி, என்ன பழக்கம் இது?” என்று அம்மா வைகிறாள். நான் போனை வைத்துவிடுகிறேன். சொன்னால் நம்பிவிடுவார்களே என்று இருக்கிறது.

தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இனி அது என்னோடுதான் இருக்கும். அன்றைக்கு வாசலில் நினைத்துத்தான் சொன்னேன், நம்பு. நான் “ஆமா” என்றால் ஒத்துக்கொள்வதற்கு நீ ஒருத்திதான் இருந்தாய்.