வடிகாலுக்கு மட்டும் காசில்லாத தோட்டம்

அக்கா,

இன்று காலை வாசலில் ஒரு லாரி செம்மண் வந்து இறங்கியது. மகன் திருவள்ளூரில் கட்டியிருக்கும் இந்தப் புது வீட்டைச் சுற்றித் தோட்டம் போடுகிறான். மண் சரிந்து விழுந்ததும் எழுந்த ஈர வாடை சமையலறை வரை வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். உங்களிடம் பேச வேண்டும் போல இருந்தது. நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

திருநின்றவூரில் நாம் அடுத்தடுத்த மனையில் குடியேறியது எழுபதுகளின் தொடக்கத்தில். தெருவில் மொத்தமே நான்கைந்து வீடுகள். மற்றதெல்லாம் கோரை முளைத்த வெற்று மனை. நீங்கள்தான் முதலில் வந்தவர்கள். எங்கள் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது கொத்தனார்கள் குடித்தது உங்கள் கிணற்றுத் தண்ணீர். உங்கள் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலை. வாரம் ஒருமுறைதான் வருவார். கைக்குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு நீங்கள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பீர்கள்.

என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்தின் மேல் ஆசை. பட்டணத்தில் அவருடைய அதிகாரியின் பங்களாவில் புல்தரையைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அதே பேச்சு. தோட்ட வேலை எடுத்துச் செய்யும் ஒருவரைக் கூட்டிவந்தார். தெலுங்குக்காரர், எல்லோரும் அவரை நைனா என்றே கூப்பிட்டோம். மனையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவர் விலை சொன்னார். செம்மண் லாரிக்கு முப்பது ரூபாய். எட்டு லாரியாவது அடிக்க வேண்டும். புல் நட்டு, குரோட்டன்ஸ் வைத்து, கூலியோடு சேர்த்து இன்னொரு முந்நூறு.

"மண் கொட்னா மன ஒசந்துடும் சார். மழத் தண்ணி எங்கனா போவணுமில்ல? தெரு வரிக்கும் கால்வா கட்டி சிமிட்டி பூசணும். அதுக்கு ஒரு எரநூறு ஆவும்."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "கால்வாய யாரு நைனா வந்து பாக்கப் போறாங்க? அத்த உட்டுடு. தண்ணி அதுவா போய்க்கும்."

அது எங்கே போகும் என்று அவர் யோசிக்கவில்லை. உங்கள் மனை எங்களுடையதைவிட முன்பே தாழ்வு.

புல் பச்சை பிடித்தது. ஆபீஸ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நீங்களும் வேலியோரம் வந்து, "சினிமால வர்ற ஊடு மாரி கீதும்மா" என்று சந்தோஷப்பட்டீர்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முழங்கால் வரை சேறாக வந்து நின்றீர்கள்.

"ஊட்டுக்குள்ள தண்ணி வந்துட்ச்சி. தைக்கக் குடுத்த துணியெல்லாம் நனையுது. செத்த நேரம் கொழந்தைய வச்சிக்கினு இரும்மா."

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே என் வீட்டுக்காரர், "மழைக்கு யாரு இன்னா பண்ண முடியும்?" என்றார். குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு உங்கள் பின்னாலேயே வந்தேன்.

உங்கள் கூடத்தில் ரவிக்கைத் துணிகள் மிதந்தன. சிவப்புச் சாயம் வெள்ளைத் துணியில் ஏறியிருந்தது. கொல்லைக் கதவு வழியாகப் பார்த்தேன். எங்கள் தோட்டத்து விளிம்பிலிருந்து தண்ணீர் வழிந்து நேராக உங்கள் வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் புல் மேல் ஒரு சொட்டுத் தேங்கவில்லை.

திரும்பி ஓடி மண்வெட்டியை எடுத்தேன். புல்தரையின் நடுவில் தெருவைப் பார்த்து வாய்க்கால் வெட்டினேன். "இன்னாடி பண்ற? பைத்தியமா புட்ச்சிக்கிச்சி?" என்று வராந்தாவிலிருந்து அவர் கத்தினார். கையில் உங்கள் குழந்தை வீறிட்டு அழுதது. அதை வைத்துக்கொண்டு அவரால் மழையில் இறங்க முடியவில்லை. நீங்கள் வந்து என் கையைப் பிடித்தீர்கள். "உடும்மா. ஆசையா வச்ச புல்லு, போயிடும்." அந்த வார்த்தைதான் என்னை இன்னும் வேகமாக வெட்ட வைத்தது. இருட்டுவதற்குள் தண்ணீர் தெருப்பக்கம் திரும்பிவிட்டது.

மறுநாள் என்னிடமிருந்த நூறு ரூபாயைக் கொண்டுவந்து உங்கள் மிஷின் மேல் வைத்தேன். நீங்கள் கோபப்படவில்லை. நோட்டை மடித்து என் கையிலேயே திணித்தீர்கள்.

"துட்டு குடுத்தா உனுக்குத் தீந்துடும். எனுக்குத் தீராதும்மா. எடுத்துக்கினு போ."

அதன்பின் கறைபட்ட துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தீர்கள். அந்த நஷ்டத்துக்கு ஈடாகத் தை மாதம் வரை கூலியில்லாமல் தைத்துக் கொடுத்தீர்கள். உங்கள் மிஷின் சத்தம் எங்கள் கூடத்தில் நன்றாகக் கேட்கும். அது கேட்கும்போது எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் கடன் வாங்கிச் சிமெண்ட் கால்வாய் கட்டினார். நைனா சொன்னதைவிட அதிகமாகவே ஆனது. அதற்குப் பிறகு ரயிலுக்குப் போகும்போது அவர் உங்கள் வாசல் வழியாகப் போவதை விட்டுவிட்டு, பின்தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்.

கால்வாய் கட்டிய பிறகும் நீங்கள் எங்களை நம்பவில்லை. வாசற்படி, கொல்லைப்படி இரண்டிலும் செங்கல் அடுக்கி, ஒரு முழத்துக்கு உயர்த்திப் பூசிவிட்டீர்கள். நாம் பழையபடி பேசினோம், பொங்கலும் சுண்டலும் மாற்றிக்கொண்டோம். ஆனால் உங்கள் வீட்டுக்குள் வர நான் ஒவ்வொரு முறையும் காலைத் தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது.

உங்கள் காரியத்துக்கு வந்தபோது உங்கள் பேரன் அந்தப் படியில் இடறி விழுந்து அழுதான். அன்று தூளியில் கிடந்த உங்கள் மகள் ஓடிவந்து அவனைத் தூக்கினாள்.

"பாத்து வரக் கூடாதா? அப்பல்லாம் இங்க ஒரே பாம்பாம்டா. உள்ள வரக் கூடாதுன்னுதான் ஆயா படிய ஒசத்தி வச்சாங்க." பிறகு என்னைப் பார்த்து, "இல்ல சித்தி?" என்றாள்.

நான் ஆமாம் என்றேன்.

இத்தனை வருடம் அவளிடம் நீங்கள் சொல்லவே இல்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவள் என்னை வெறுக்கக் கூடாது என்று நினைத்தீர்களா, அல்லது பேசி ஆகப்போவதில்லை என்று விட்டுவிட்டீர்களா? கேட்க நீங்கள் இல்லை. அவள் இப்போதும் ஒவ்வொரு பொங்கலுக்கும் என்னைப் பார்க்க வருகிறாள். சித்தி என்று கூப்பிட்டு என் காலில் விழுகிறாள். தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்கிறேன். எழுந்திருக்கும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.