மன்னிப்புக் காட்சி

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து சாரல். காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை. ஈரச் சுடிதாரோடு கிளம்பினேன்.

அப்பா பேசாமல் இன்றோடு பதினேழு நாள். போலீஸ் எஸ்.ஐ. தேர்வு எழுதப் போகாமல் ஐந்தருவிக்கு ஷூட்டிங் வேலைக்குப் போனேன், அதற்கு. அவரும் போலீஸ். விண்ணப்பத்தை அவரே நிரப்பி, என்னிடம் கையெழுத்து மட்டும் வாங்கினார். இஷ்டமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது நான் மன்னிப்பு கேட்டால்தான் பேச்சாம். இருக்கட்டும்.

அடுப்படியில் நான் அம்மா பக்கத்தில்தான் நிற்கிறேன். அப்பா, அம்மாவிடம், "உம் மவ குடை எடுத்துக்கிட்டாளான்னு கேளு." அம்மா என் பக்கம் திரும்பி, "ஏட்டி, குடை எடுத்துக்கிட்டியான்னு கேக்குதாவ." "எடுத்துக்கிட்டேன்னு சொல்லு." மூன்று பேரும் கை நீட்டினால் தொடும் தூரம்.

வேலை: வெப் சீரிஸ். நான்கு பள்ளித் தோழிகள், அவர்கள் வீடு, வளர்வது. நடிகைகளுக்கு எங்கள் ஊர்ப் பேச்சைச் சொல்லித்தர என்னை வைத்திருக்கிறார்கள். கதாநாயகி நிலா. சென்னை. வயது இருபது, கதையில் பதினேழு.

இன்று டைரக்டரிடம் சொன்னவை:
1. சீசனில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அருவியில் ஆடிப்பாட முடியாது. நிற்கவே இடம் இருக்காது.
2. தோழிகள் கட்டிப்பிடித்து அழ மாட்டோம். திட்டுவோம்.
3. கோபம் வந்தால் எல்லா அப்பாவும் அறைய மாட்டார். சிலர் பேச மாட்டார்.

மூன்றாவது மட்டும் அவர் காதில் விழுந்தது. "எத்தனை நாள் பேசாம இருப்பார்?" என்றார். "எங்க வீட்ல இன்னைக்குப் பதினேழு" என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டார். சொல்லியிருக்கக் கூடாது.

ஜூலை 10, வியாழன்

தண்ணீர் ஏறிவிட்டது. குளிக்கத் தடை. ஷூட்டிங் இல்லை. வேனுக்குள் நானும் நிலாவும் நேந்திரங்காய் சிப்ஸும்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இந்த மாதிரி சீரிஸ் ஒன்றையும் விடமாட்டாளாம் அவள். "எல்லாத்துலயும் கடைசில பொண்ணுதான் சாரி சொல்லும். ஏன்னு அப்போ தோணவே இல்ல" என்றாள். நானும் பார்த்திருக்கிறேன். அந்த இடம் வந்தால் அழுதும் இருக்கிறேன். இப்போது நினைத்தால் எரிச்சல்.

குடையை வேனிலேயே விட்டுவிட்டேன்.

ஜூலை 12, சனி

கடைசி எபிசோட் கைக்கு வந்தது. அப்பா சொன்ன படிப்பை வேண்டாம் என்கிறாள் பெண். அப்பா பேசுவதை நிறுத்துகிறார். பதினேழு நாள். என் பதினேழு. பதினெட்டாம் நாள் அருவிக்கரையில் அவர் காலில் விழுகிறாள். "நீங்க சொன்னதுதான் சரிப்பா, என்னை மன்னிச்சிருங்க." இதை எங்கள் ஊர்ப் பேச்சாக்கி நிலாவுக்குச் சொல்லித்தர வேண்டுமாம்.

"சொல்லித்தர மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"அவ என்ன தப்பு செஞ்சா?"

"தப்பு இருக்கோ இல்லையோ, பார்க்கறவங்க அழணும்மா. உன் வேலை உச்சரிப்பு மட்டும்தான்."

"அதான் சார், உச்சரிக்க வரல."

நாளை முதல் வர வேண்டாம் என்றார். நிலா தலையைக் குனிந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் இலத்தூர் வரும்வரை அவள்மேல் கோபம்.

வீட்டில் அம்மா. "ஒரு வார்த்தை அப்பாட்ட மன்னிப்பு கேட்டுட்டா கொறைஞ்சா போவ?"

"நீ கேட்டுக் கேட்டுத்தான் கொறைஞ்சு போயிட்டம்மா."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். இதற்கு மட்டும் வருத்தப்படுகிறேன். மற்றதற்கு இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

வேலை போனால் என்ன, அருவி டைரக்டர் வீட்டுச் சொத்து இல்லை. காலை ஆறரைக்கே போய்விட்டேன். அந்நேரத்திலும் கூட்டம். ஷூட்டிங் நடக்கும் இடத்துக்குக் குறுக்கே கயிறு கட்டி ஜனங்களை நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்து நின்ற போலீஸ்காரர் அப்பா. சீசன் டூட்டி.

திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அவர் பக்கத்திலேயே போய் நின்றேன். அவர் நேரே பார்த்தார், நானும் நேரே பார்த்தேன்.

 பயமாகத்தான் இருந்தது.

அந்தக் காட்சி. அப்பாவாக நடிப்பவர் பாறை ஓரம் நிற்கிறார். நிலா அவர் எதிரே வந்து நின்றாள். விழ வேண்டும். விழவில்லை. ஒரு நொடி கயிற்றுப் பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, வாயே திறக்காமல் அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். டைரக்டர் நிறுத்தச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கேமராவை ஓடவிட்டார்.

பின்னால் ஓர் அண்ணாச்சி, "என்னலே இது, சும்மா நிக்குதா" என்று யாரிடமோ கேட்டார்.

நேற்று அவள்மேல் பட்ட கோபத்துக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது அப்பா. முகம் திருப்பாமல், "அந்தப் பிள்ள மன்னிப்பு கேக்காதா?"

அம்மா அங்கே இல்லை. என்னிடம்தான் கேட்டார்.

"கேக்காது."

அப்பா கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

"கேட்டிருக்கணும்" என்றார். பிறகு, "வழுக்கும். ரெண்டடி பின்னால போய் நில்லு."

இருபத்தொரு நாளுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசுகிறார். 

பின்னால் போகவில்லை. அங்கேயே நின்றேன்.